வாய்க்காரியின் நாற்காலி

அவளுக்கு வாய்க்காரி என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. சண்டைக்காரி என்ற அர்த்தத்தில் வைத்த பெயர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சண்டையும் போடுவாள், அது தனிக்கதை. மலைமேல் இருந்த அந்தப் பூர்வகுடி ஜனத்துக்கும், கீழேயிருந்து மாற்றலாகி வருகிற டாக்டர்களுக்கும் நடுவில் வாயாக இருந்தவள் அவள்தான். டாக்டர்களுக்கு மலைப் பேச்சு ஒரு வார்த்தை வராது. ஜனங்களுக்கோ கீழே பேசுகிற ஆபீஸ் பேச்சு என்றாலே கை கால் உதறும். இரண்டும் தெரிந்த ஆள் ஆஸ்பத்திரியில் இவள் ஒருத்திதான். ஆகவே டாக்டர் அறையில் டாக்டருக்கு ஒரு நாற்காலி, நோயாளிக்கு ஒரு ஸ்டூல், சுவரோரமாக இவளுக்கென்று கை வைத்த ஒரு நாற்காலி. டாக்டர் நாற்காலிக்குக்கூடக் கை கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்காலியில் பூப்போட்ட துணி மெத்தை ஒன்று கிடக்கும். அவளுடைய ஓரகத்தி தைத்துக் கொடுத்தது. கணவனின் தம்பி பெண்டாட்டி, தையல் மெஷினே கதி என்று கிடப்பவள், ஊருக்கெல்லாம் தையல்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று நினைப்பவர்களின் மூக்கை உடைப்பதற்கென்றே இவர்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். "அவகிட்ட எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல, எங்கிட்ட அவளுக்கும் இல்ல" என்று வாய்க்காரி போகிற இடத்திலெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள்.

வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளி சொன்னதை "அவர் இப்படிச் சொல்றாரு" என்று சொல்லமாட்டாள். அந்த ஆளாகவே மாறிவிடுவாள். மீசை நரைத்த பெரியவர் ஒருவர் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து விஷயத்தைச் சொல்லி முடித்தால், இவள் டாக்டர் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "எனக்கு விதைப்பையில வீக்கம் டாக்டர், நடந்தா உரசுது" என்பாள். புதிதாக வந்த டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

இன்னொரு திறமையும் இருந்தது. முன்பு ஒரு டாக்டர் இருந்தார், எரிச்சல் பிடித்த மனுஷன். "இந்த ஜனத்துக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது" என்பார். வாய்க்காரி நோயாளியிடம், "மாத்திரையை மறக்காமச் சாப்பிடணுமாம்" என்பாள். நோயாளி, "இந்தச் சிடுமூஞ்சிக்கு யாரு வைத்தியம் பாக்குறதாம்?" என்று கேட்பார். இவள் அந்தப் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி டாக்டர்" என்பாள். இப்படி எத்தனை கைகலப்பைத் தடுத்தாளோ, கணக்கே இல்லை.

ஆபீஸ் பேச்சு அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவள் சிறுமியாக இருந்த காலத்தில் மலைப் பிள்ளைகளைக் கீழே விடுதிப் பள்ளிக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். அங்கே வாய் தவறி மலைப் பேச்சு வந்துவிட்டால் சரளைக் கல்லில் முட்டி போட வைப்பார்கள். இவளுக்கு அடிக்கடி வாய் தவறும். இரண்டு முட்டியிலும் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதுவும் புரியாமல் திண்டாடி, லீவில் வந்திருந்த இவள்தான் நடுவில் நின்று பேசினாள். அப்பா பிழைத்தார். "நாளைக்கும் வா" என்றார் டாக்டர். அந்த நாளை முடியவே இல்லை. படிப்பு அதோடு சரி.

அவளுக்கு ஒரு தங்கை. ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள், வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். சின்னவள் பள்ளிக்குப் போகிற வயதுக்கு வந்தபோது காலம் மாறியிருந்தது. மக்கள் சபை என்று ஒன்றை ஆரம்பித்து, வழக்குப் போட்டு, ஊர்வலம் போய், சிறைக்கும் போய்வந்து, கடைசியில் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்துகிற உரிமையை அந்த ஜனங்கள் வாங்கிவிட்டார்கள். சின்னவள் மலைப் பேச்சிலேயே கணக்குப் படித்தாள், மலைப் பேச்சிலேயே உடம்புக்குள் இருக்கிற எலும்பையெல்லாம் படித்தாள், ஆபீஸ் பேச்சையும் ஒரு பாடமாக ஹாயாகப் படித்தாள். சபை உதவித்தொகை கொடுத்து டாக்டருக்குப் படிக்க அனுப்பியது. அவள் முட்டியில் ஒரு கீறல் கிடையாது. அக்காக்காரி அதைக் கவனிக்காமலா இருப்பாள்!

பள்ளிக்குப் பிறகு காட்டு விளைபொருள் சங்கம் சபையின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. அந்தப் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், இந்தப் பக்கம் சபைக்காரர்கள், நடுவில் தொண்டை வற்ற வற்ற வாய்க்காரி. கையெழுத்துப் போட்ட அன்று எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுச் சபைக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதில் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது அவளுடையது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த முழங்கையை அவளே காட்டுவாள், சிரித்துக்கொண்டுதான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த எரிச்சல் தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரி கைக்கு வந்த வருஷமே சின்னவள் டாக்டராக வந்து இறங்கினாள். மலையில் பிறந்த முதல் டாக்டர்! ஊரே திரண்டு போய் பஸ்ஸை மறித்துவிட்டது. வாய்க்காரியும் போனாள். "என் தங்கச்சியாக்கும்" என்று டிரைவர் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டாள். வாய் சொன்னது; வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இவள் கல்லில் முட்டி போட்டுக் கற்ற பேச்சை வைத்து இத்தனை வருஷம் கட்டிய வீட்டுக்கு, அவள் நேராக வந்து சாவியை வாங்கிக்கொள்ளப் போகிறாள். உள்ளூர்ப் பேச்சு பேசுகிற டாக்டர் வந்த பிறகு வாய் எதற்கு?

ஆனால் நடந்தது வேறு.

முதல் நாள் மீசைக்காரப் பெரியவர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். சின்னவள் மலைப் பேச்சில் அழகாக, "மாமா, எங்க வலிக்குது?" என்று கேட்டாள். பெரியவர் அவளைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் திரும்பி, வாய்க்காரியைப் பார்த்து, "முதுகுல" என்றார்.

"எத்தனை நாளா மாமா?" என்றாள் சின்னவள்.

பெரியவர் பேசாமல் வாய்க்காரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்காரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எத்தனை நாளா மாமா?" என்றாள்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

வாய்க்காரி தங்கை பக்கம் திரும்பினாள். "மழை ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு முதுகு வலி, டாக்டர்."

மூன்று பேரும் பேசியது ஒரே பேச்சு! சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவருக்கு என்ன வேடிக்கை என்றே புரியவில்லை. இப்படித்தான் அடுத்தவரும், அதற்கு அடுத்தவரும். வருஷக்கணக்கில் டாக்டர் என்றால் புரியாத ஆள், வியாதியைச் சுவரோரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பழகிப்போன ஜனம். கழுத்து தானாகத் திரும்பியது. வாய்க்காரிக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். "டாக்டரைப் பாத்துப் பேசுங்க" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்வாளா? சின்னவளின் சிரிப்பு வரவரக் குறைந்து, பிறகு நின்றே போனது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் தையல்காரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"வாடி, என்ன அங்கயே நிக்கிற? தலைவலியா திரும்ப?" என்றாள் வாய்க்காரி. தையல்காரிக்கு இரண்டு வருஷமாகத் தலைவலி. வருவாள், சொல்லுவாள், மாத்திரை வாங்கிக்கொண்டு போவாள்.

தையல்காரி சின்னவளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "அக்கா, நீ கொஞ்சம் வெளில இரேன்" என்றாள்.

வாய்க்காரிக்குக் காதில் விழுந்தது, மண்டைக்குப் போகவில்லை. "யாரு, நானா?"

"கொஞ்ச நேரம்தான் அக்கா."

அவள் எழுந்து வெளியே போனாள். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவு சாத்தி அவள் பார்த்ததே இல்லை. அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். வராண்டாவில் நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை வெகு அக்கறையாகப் படிப்பது போலப் படித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போன தலைவலி வெளியே வர நெடுநேரம் ஆனது. வந்தபோது தையல்காரியின் கண் சிவந்திருந்தது.

"என்னடி?"

"தலைவலிதான் அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

பொய். பச்சைப் பொய். சொல்லாததற்குக்கூட இவள் அவ்வளவு வருத்தப்படவில்லை. சின்னவளிடம் சொன்னாளே, அதுதான் தாங்கவில்லை. நேற்று வந்தவள்! தையல்காரியின் கல்யாணத்துக்கு இவள் துணி மடித்த காலத்தில் மூக்கொழுகிக்கொண்டு திரிந்தவள்! படிப்பை எடுத்துக்கொண்டாள், பஸ் வரவேற்பை எடுத்துக்கொண்டாள், சரி. தையல்காரியையுமா?

அன்று சாயங்காலமே சின்னவள் அக்காவிடம் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காத அக்கா. உன் நாற்காலியை வராண்டாவுல போட்டுக்கலாமா? யாருக்கு நீ வேணுமோ, அவங்க கூப்பிட்டா உள்ள வா."

"ஏன், நான் உள்ள இருந்தா உனக்கு எங்க குத்துது?"

"எனக்கு இல்ல. வர்றவங்களுக்கு."

"எவளுக்கு? பேரைச் சொல்லு, நான் போய்க் கேக்குறேன்."

"அதைத்தான் சொல்ல முடியாதுங்கிறேன்."

"சொல்ல முடியாதோ! நான் வாயைத் திறக்கலைன்னா இந்த ஆஸ்பத்திரியே உங்க கைக்கு வந்திருக்காதுடி!"

சின்னவள் அக்காவின் கையை விட்டாள். பேசாமல் போய், விஷயத்தைச் சபையின் முன் வைத்துவிட்டாள்: ஆஸ்பத்திரி அறையில் டாக்டரையும் நோயாளியையும் தவிர மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது, நோயாளியே கேட்டாலொழிய. ஆஸ்பத்திரி விஷயம் எதுவானாலும் ஜனங்கள் கூடிக் கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். தேதியும் குறித்துவிட்டார்கள்.

வாய்க்காரியின் வீட்டுக்காரர் சங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனுஷன். பேச வாய்ப்புக் கிடைத்ததில்லை என்பதும் உண்டு. "விடேன், உன் தங்கச்சிதானே" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்துவிட்டார்.

"தங்கச்சியா? சக்களத்தி!"

அவர் லாரியைக் கழுவப் போய்விட்டார்.

அதன் பிறகு வாய்க்காரி ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள். வீடு வீடாக ஏறினாள். "உன் பிள்ளைக்கு வலிப்பு வந்தப்ப யார் பேசினது? உன் மாமியாரை டவுனுக்கு அனுப்பச் சொல்லி யார் மல்லுக்கு நின்னது?" என்று பழைய நன்றியையெல்லாம் தூசி தட்டி எடுத்து நீட்டினாள். எல்லோரும், "நீ இல்லாம எப்படி?" என்றார்கள். முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்லுவார்கள்? ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் இவள் இந்தப் பக்கம் பாத்திரத்தை உருட்டுவாள். மெஷின் நின்றுவிடும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு மௌனம் அதுவரை இருந்ததில்லை.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில், மத்தியான வெளிச்சத்தில் நடந்தது. சபைத் தலைவர் பழைய வாத்தியார், ஊரில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது சாக்பீஸ் என்றுதான். கீழேயிருந்து சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். முதல் சில வருஷங்களுக்குத் துறை ஆள் ஒருவர் கூட்டத்துக்கு வரலாம், பார்க்கலாம், கேட்கலாம். கை மட்டும் தூக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பேசியதெல்லாம் மலைப் பேச்சு. அதிகாரிக்குக் கடுகளவுகூடப் புரியவில்லை. பாவம், திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீங்க அவருக்குச் சொல்லிடுங்களேன்" என்றார் சாக்பீஸ்.

வாய்க்காரி எழுந்த தோரணை இருக்கிறதே! ஒரு நாற்காலியை இழுத்து அதிகாரி பக்கத்தில் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் இருந்த தங்கையைப் பார்த்தாள். 'பாத்தியா, இன்னைக்கும் நான் வேண்டியிருக்கு' என்கிற பார்வை. எந்த நாற்காலியை எடுத்துவிடலாமா என்று கூட்டம் போட்டார்களோ, அந்தக் கூட்டத்திலேயே அவளுக்கு நாற்காலி!

சின்னவள் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தாள். "உள்ள சொல்றது உள்ளயே இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள். மீசைக்காரப் பெரியவர் எழுந்து, "வாய்க்காரி இருந்தாத்தான் எனக்கு தைரியமா இருக்கு" என்றார். கைதட்டினார்கள். வாய்க்காரி அதை அதிகாரியிடம் கொஞ்சம் ஜோடித்தே சொன்னாள். அவளுக்குக் குசுகுசுவென்று பேசத் தெரியாது. கடைசி வரிசைக்கும் கேட்டது. ஆபீஸ் பேச்சு தெரிந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் அவள் பக்கம் பேசினார்கள். ஜெயித்த மாதிரிதான்.

அப்போது பின்னாலிருந்து தையல்காரி எழுந்தாள்.

அவள் பொதுவில் பேசியவளே அல்ல. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எனக்கு ரெண்டு வருஷமா தலைவலின்னு எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தலைவலியே கிடையாது. நின்னுபோன வயசுல திரும்ப ரத்தம் படுது. அதைச் சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். உள்ள போனா எங்க அக்கா உக்காந்திருக்கும். வாய்ல தலைவலின்னுதான் வரும்."

அதிகாரி வாய்க்காரி பக்கம் குனிந்து, "என்ன சொல்கிறார்கள்?" என்றார்.

வாய்க்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரியிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ‘ரொம்ப நன்றி சொல்றாங்க’ என்று ஒரு வரி போதும். எத்தனை தடவை சொன்ன வரி! இளவட்டங்களுக்குத் தெரிந்துவிடும்தான். தெரிந்தால் தெரியட்டும், வாயால் சமாளிக்க முடியாத சங்கதியா? ஆனால் தையல்காரி தலையை நிமிர்த்தி இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆபீஸ் பேச்சு ஒரு எழுத்துத் தெரியாது. தான் சொன்னது போய்ச் சேரும் என்று காத்துக்கொண்டிருந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்கிற நோயாளிகள் மாதிரியே.

வாய்க்காரி சொல்ல ஆரம்பித்தாள். பழகிய வழக்கப்படி அவளாகவே மாறித்தான் சொன்னாள். "எனக்குத் தலைவலி கிடையாது. ரெண்டு வருஷமா ரத்தம் படுது. உள்ள போனா அவ உக்காந்திருப்பா. அதனால நான் சொல்லலை."

"அக்கா கெட்டவ இல்ல" என்றாள் தையல்காரி. "எங்க யாரு விஷயத்தையும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா கேட்டதெல்லாம் மூஞ்சியில ஒட்டிக்கிட்டே வரும். முன்னாடி எனக்கு ஒரு பிள்ளை கலைஞ்சப்ப, அக்கா ஆஸ்பத்திரியிலேருந்து வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே நடந்துச்சு. நான் வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள தெருவே துக்கம் விசாரிக்க நின்னுச்சு. எனக்குத் தனியா அழக்கூட இடமில்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்? அது என் புருஷனுக்கு அண்ணி. ராத்திரி ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் படுக்குது."

வாய்க்காரி சொன்னாள். "அவ கெட்டவ இல்ல" என்பதைச் சொன்னாள். "மூஞ்சியில ஒட்டிக்கிட்டே வரும்" என்பதையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் ஜோடிக்கவில்லை.

"சின்னவ கதவைச் சாத்தினா. அன்னைக்குத்தான் சொன்னேன். டவுன்ல பரிசோதனை பண்ணியாச்சு, கட்டி இருக்கு. அடுத்த வாரம் ஆபரேஷன். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டேன்னாங்க. ஒருத்தி முன்னாடி சொல்ல முடியாம இருந்ததை இன்னைக்கு ஊரு முன்னாடி சொல்றேன். ஏன்னா இங்க இன்னும் எத்தனை பேரு தலைவலின்னு சொல்லிட்டு வர்றீங்களோ, எனக்குத் தெரியாது."

பெண்கள் வரிசையில் இரண்டு மூன்று தலைகள் குனிந்தன. வாய்க்காரி அதையும் பார்த்துக்கொண்டேதான் கடைசி வரியைச் சொல்லி முடித்தாள்.

அதிகாரி நல்ல மனுஷர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "அந்த மொழிபெயர்ப்பாளர் இப்போது எங்கே இருக்கிறார்? இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாரா?"

கேள்வியை ஜனத்திடம் திருப்புவதுதான் அவள் வேலை. திருப்பினாள். "அந்த நடுவுல பேசுறவ எங்க இருக்கா, கூட்டத்துக்கு வந்திருக்காளான்னு கேக்குறாரு."

சாக்பீஸ் மேசையைப் பார்த்தார். மீசைக்காரர் மீசையைத் தடவினார். சின்னவள் அக்காவைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு தெரிந்தும், தான் திட்டித் தீர்த்தபோது தங்கை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் நின்றாளே என்று வாய்க்காரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி பதிலுக்காகக் காத்திருந்தார். ஒருவரும் சொல்லாத பதிலை அவள் எப்படித் திருப்பிச் சொல்லுவாள்? இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரிக்கும், எந்த டாக்டருக்கும் அவள் தன்னுடைய பதில் என்று ஒன்றைச் சொன்னதே இல்லை.

"நான்தான் சார்" என்றாள்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். கதவு சாத்தியே இருக்க வேண்டும் என்பவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். வாய்க்காரியும் தூக்கினாள். முழுசாகத் தூக்கவில்லை, தோளுக்கு மேலே போக மனசு இடம் கொடுக்காமல், முழங்கை மட்டத்தில் நின்றது. எண்ணிக்கொண்டு வந்த சாக்பீஸ் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்.

நாற்காலி வராண்டாவுக்கு வந்தது. மெத்தையோடுதான். வருகிறவர்களின் கழுத்துக்குப் பழக்கம் மாறக் கொஞ்ச நாள் பிடித்தது. மீசைக்காரர் இன்றைக்கும் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மூடிய கதவைப் பார்த்துத்தான் முதுகு வலியைச் சொல்கிறாராம். கீழேயிருந்து கண் டாக்டர், பல் டாக்டர் என்று யாராவது வந்தால், நோயாளி கேட்டால், இவளைக் கூப்பிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே போகிற முகத்தையும் வெளியே வருகிற முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். தவிப்பாகத்தான் இருந்தது. பொறாமை அடங்கிவிட்டதா என்று கேட்டால், எங்கே அடங்கும்? உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் இவளுக்குக் காது அனலாகிவிடும். ஆனால் யாரையும் என்ன என்று கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பது, அவள் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை. வீட்டுக்கு நடக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, தையல்காரி ஒரு நாள் வந்தாள். இளைத்திருந்தாள். இவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே இரண்டு பேரும் பேசினார்கள், ஒரு தடவை பலமாகச் சிரிக்கவும் செய்தார்கள். வாய்க்காரி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரி வெளியே வந்து பெஞ்சில், இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெத்தையின் ஓரத்தில் தையல் விட்டிருந்ததை விரலால் நீவிப் பார்த்தாள்.

"இதைக் கழட்டிக் குடு, தச்சுத் தர்றேன்."

"ம்."

"என்னன்னு கேக்க மாட்டியா அக்கா?"

"மாட்டேன்."

"சும்மா கேளேன்."

"கேக்க மாட்டேன்டி. சபையில முடிவு பண்ணியாச்சு."

"நான்தானே சொல்றேன், கேளு."

வாய்க்காரி வராண்டாவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். பிறகு அவள் பக்கம் குனிந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குசுகுசுவென்று கேட்டாள். "என்னடி?"

"தலைவலி" என்றாள் தையல்காரி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், உள்ளேயிருந்து டாக்டர் கதவைத் திறந்து, என்ன வேடிக்கை என்று கேட்டாள். இரண்டு பேருமே சொல்லவில்லை.